பையா, கையா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் நண்பரின் ஒரே பையனுக்கு ரத்தப் புற்றுநோய். 6 வயசு. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று வாரம்.

நாலு பேர் ஆளுக்கு அரை டஜன் ஆப்பிளோடு போனோம். ''எல்லாம் சரியாயிடும், சார்!'' என்று கோரஸ் பாடினோம். தூங்கும் பையனின் தலையை வருடியபடி மனுஷன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: ''உங்க பிளட் குரூப் என்ன, சார்?''

ஒருத்தனுக்கும் தெரியவில்லை!

கீமோ கொடுத்தால் பிளேட்லெட் இறங்கும். ஏற்றியாக வேண்டும். அதை நம் ரத்தத்திலிருந்துதான் பிரிக்கிறார்கள். ஸ்டாக் வைக்கலாமென்றால் 5 நாள்தான் தாங்கும். எங்கள் ஆப்பிளே அதைவிட ஜாஸ்தி தாங்கும்!

18 வயசு தாண்டிய ஆரோக்கியமான ஆண், 3 மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் தரலாம். அடுத்த முறை பையை மட்டும் நீட்டாதீர்கள். கையையும் நீட்டுங்கள்.