மருத்துவச்சிக்குப் பயிற்சி: யாருடைய உயிர் பிழைக்கிறது?

ஆஸ்பத்திரி எட்டாத ஊர்களில் வீட்டிலேயே பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தால் சாவு குறையுமா? குறையும் என்கிறார்கள் சிலர். வீண் செலவு என்கிறார்கள் வேறு சிலர். யாருடைய சாவு என்று கேட்டுவிட்டால் இந்தச் சச்சரவு பாதி அடங்கிவிடும்.

பாகிஸ்தானின் லர்கானா மாவட்டத்தில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தந்து, கையுறை, சோப்பு, பஞ்சு, புது பிளேடு எல்லாம் அடங்கிய பிரசவப் பையையும் கொடுத்தார்கள். ஊர்ப் பெண் சுகாதாரப் பணியாளர்களோடும் அவர்களை இணைத்தார்கள். 19,557 பெண்களைக் கொண்ட அந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. பிறப்பையொட்டிய சிசு இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. தாய்மார் இறப்பிலோ, உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

சாம்பியாவின் லுஃப்வன்யாமாவில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சியில் குழந்தையின் மூச்சிலும் தொற்றிலும் கவனம் வைத்தார்கள். பிள்ளை பிறந்தும் அழவில்லை என்றால் துணியால் நன்றாகத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் மாஸ்க்கை முகத்தில் பொருத்தி ஊத வேண்டும். இதற்கு டாக்டர் வேண்டாம், கரண்ட் வேண்டாம். பழகிய கை பக்கத்தில் இருந்தால் போதும். தொற்றின் அறிகுறி தெரிந்தால் அமாக்சிசிலின் கொடுத்து சுகாதார நிலையத்துக்கு அனுப்பவும் சொல்லித்தந்தார்கள். 2011இல் வந்த முடிவின்படி, 28 நாளுக்குள் நேரும் சிசு இறப்பு 45 சதவீதம் குறைவு.

தாயின் கதை வேறு. பிள்ளை பிறந்தபின் உதிரப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். ரத்தம் ஏற்ற வேண்டும், சில சமயம் கருப்பையையே எடுக்க வேண்டும். பிள்ளை குறுக்கே கிடந்தால் சிசேரியன்தான் வழி. மருத்துவச்சி எத்தனை வகுப்புக்குப் போய்வந்தாலும் இவற்றை அவள் குடிசையில் செய்ய முடியாது. அவளுக்குப் பயிற்சி தந்துவிட்டோம் என்று ஆம்புலன்ஸையும் ஆபரேஷன் தியேட்டரையும் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

அதற்காக மருத்துவச்சிகளுக்குத் தடை போடுவதும் தீர்வல்ல. மலாவி 2007இல் தடுத்துப் பார்த்தது. 2010இல் தடையை விலக்கிக்கொண்டது. சட்டம் போட்ட மாத்திரத்தில் ஊருக்கு நர்ஸ் வந்துவிடுவாரா என்ன?

அபாய அறிகுறியைக் கண்டதும் தானே சமாளிக்கப் பார்க்காமல் தாயை உடனே கிளப்பிக்கொண்டு போவதுதான் பயிற்சியின் முக்கியப் பாடமாக இருக்க வேண்டும். அதற்கு வண்டிச் செலவையும் திட்டத்திலேயே சேர்த்துவிடலாம். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் ஒரு வகுப்பு எடுப்பது நல்லது: தாயோடு வருகிற மருத்துவச்சியை வாசலில் நிறுத்தித் திட்டாமல், என்ன நடந்தது என்று முதலில் அவளிடம் கேட்பதற்கு.