எட்டில் ஒன்றா, நான்கில் ஒன்றா?

நான்கில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று மூன்றாம் ஆண்டு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். எட்டில் ஒன்றே பெரிது என்று பல கைகள் உயரும். இதைக் கேட்டுப் பள்ளியில் ஆசிரியர் முகஞ்சுளிப்பதும், வீட்டில் தந்தை "இதுகூடவா தெரியவில்லை?" என்று கடிந்துகொள்வதும் நாம் அறிந்தவையே. இரண்டும் தகா என்பது நம் கருத்து. பிள்ளை அறியாமையால் அவ்வாறு கூறவில்லை. நான்கைவிட எட்டுப் பெரிது என்று பள்ளியில் சேர்ந்த நாள் முதலாக நாமே அவனுக்குக் கற்பித்திருக்கிறோம். கற்பித்ததை அவன் நம்பினான், அவ்வளவுதான்.

இதற்கு மருந்தாக நம்மில் பலர் கையாளும் முறை ஒன்றுண்டு. "கீழே உள்ள எண் பெரிதானால் பின்னம் சிறிது" என்று கரும்பலகையில் எழுதிப் பத்து முறை சொல்லச் செய்வது. மறுநாளே விடைகள் சரியாகிவிடும். ஆசிரியருக்கும் மனம் குளிரும். ஆனால் அடுத்த வாரம் அதே மாணவனிடம் 3/8, 1/4 என்னும் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். கீழே 8 இருப்பதால் 3/8 தான் சிறிது என்பான். 1/4 என்பது 2/8க்குச் சமம். ஆகவே 3/8 அதனினும் பெரிது. தொகுதி எண் ஒன்றாக இருக்கும்போதுதான் அவ்விதி அப்படியே பொருந்தும் என்பதை அவன் அறியான். காரணம் தெரியாமல் மனனம் செய்த விதி, அவனைக் கைவிட்டது. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பின்னும் இந்த மனனப் பழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

வழி மிக எளிது. ஒரே அளவுள்ள இரண்டு தோசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நால்வருக்கும் மற்றொன்றை எண்மருக்கும் சமமாகப் பங்கிடச் சொல்லுங்கள். பங்காளிகள் பெருகப் பெருகப் பங்கு குறையும் என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காண்பான். (பசி வேளையில் செய்வது நலம், எட்டில் ஒன்றைப் பெற்றவன் அக்கணக்கை எளிதில் மறவான்.) தோசைகள் ஒரே அளவாக இருத்தல் வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடலாகாது. சிறிய தோசையின் பாதியைவிடப் பெரிய தோசையின் கால் பெரிதாகவும் இருக்கக்கூடும். முழுமை ஒன்றாக இல்லாவிடில் ஒப்பிடுவதற்கே இடமில்லை.

தாளை மடித்துக் காட்டுவதும் நன்றே. ஆயினும் பாதி பாதியாக மடித்தால் 1/2, 1/4, 1/8 மட்டுமே கிடைக்கும், 1/3 கிடைக்காது. அதற்கு 12 சென்டிமீட்டர் நீளமுள்ள தாள்நாடா போதும். அதில் பாதி 6, மூன்றில் ஒன்று 4, நான்கில் ஒன்று 3, ஆறில் ஒன்று 2 சென்டிமீட்டர். இனி, கையிலுள்ள காசைப் பாருங்கள். 50 சென் ஒரு ரிங்கிட்டில் பாதி. 20 சென் ஐந்தில் ஒன்று. 10 சென் பத்தில் ஒன்று. பத்து ஐந்தைவிடப் பெரிது என்பதற்காக 20 சென்னைக் கொடுத்துவிட்டு 10 சென்னை வாங்கிக்கொள்ளும் பிள்ளையை எந்தப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலும் காண இயலாது.

பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் உழைத்துத் திரும்பும் பெற்றோர், "எங்களுக்கு ஏது படிப்பு?" என்று ஒதுங்கிவிடுகின்றனர். அவர்கள் நாவிலேயே இக்கணக்கு இருக்கிறது! அரை, கால், அரைக்கால், வீசம் என்று நம் முன்னோர் பெயரிட்டனர். காலில் பாதி அரைக்கால்; அதாவது 1/8. அதிலும் பாதி வீசம், 1/16. 1/8 என்னும் எழுத்து, பிள்ளையின் கண்முன் 8ஐக் காட்டி மயக்குகிறது. அரைக்கால் என்னும் சொல்லோ, தான் காலில் பாதியே என்று தன் வாயாலேயே சொல்லிவிடுகிறது. அரைப்படி, கால்படி, அரைக்கால்படி என்று அரிசி அளந்த பாட்டிமார் இவற்றுள் எது பெரிது என்று எவரையும் கேட்டதில்லை. தாய்மார் சமையற்கட்டில் இச்சொற்களைப் பிள்ளைகள் காதுபட வழங்கினால், வகுப்பில் எங்கள் வேலையிற் பாதி குறைந்துவிடும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வினா. ஏழில் ஒன்றையும் ஒன்பதில் ஒன்றையும் முழு சென்டிமீட்டர்களில் அளந்து ஒப்பிட 12 சென்டிமீட்டர் நாடா உதவாது. அதற்கு எவ்வளவு நீளமான நாடாவை வெட்டுவீர்கள்? வெட்டி எடுத்து வாருங்கள். வகுப்பில் அளந்து பார்ப்போம்.