வெயிலில் உளறிய சில்லு

பீடோரில் எங்கள் கொய்யாத் தோட்டத்தின் மண் ஈரத்தை அளக்க, நான்காம் படிவம் படிக்கும் அண்ணன் மகன் ஒரு கருவி செய்தான். வீட்டில் ஒழுங்காக ஓடியது. நடுப்பகல் தோட்டத்திலோ திரை முழுக்கக் கிறுக்கல். "என் புரோகிராம்தான் தப்பு, அத்தை" என்று பத்து நாள் மாற்றி மாற்றி எழுதினான்.

ஹேர்டிரையரால் மைக்ரோகண்ட்ரோலரைச் சூடாக்கச் சொன்னேன். வீட்டிலேயே அதே கிறுக்கல்!

சீரியல் தொடர்பில் இரு சில்லுகளும் தத்தம் கடிகாரத்தை நம்பியே பேசுகின்றன. 9600 பாட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோவிநாடிதான். ஓர் எழுத்துக்கு 10 பிட். கடிகாரம் 5 விழுக்காடு பிசகினால் கடைசி பிட் தடுமாறும். சில்லுக்குள் இருக்கும் கடிகாரம் சூட்டில் பிசகும். வெளியே பொருத்தும் கிரிஸ்டல் அவ்வளவாகப் பிசகாது. அதை மாட்டியதும் கிறுக்கல் நின்றது.

"தப்பு உன்னுடையது இல்லைடா" என்றேன். அன்றுதான் பிள்ளை வயிறாரச் சாப்பிட்டான்.