சோதிக்காதவருக்கே ஆதாயம்: பென்சில்வேனிய ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்



1984 டிசம்பரில் உங்கள் மாநிலத்து லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் கால் வைத்தாலே கதிர்வீச்சுக் கருவி அலறியது. நிலையமோ அப்போது மின் உற்பத்தியையே தொடங்கியிருக்கவில்லை. தேடிப் பார்த்ததில் கோளாறு அவர் வீட்டில் இருந்தது. அங்கே லிட்டர் காற்றுக்கு ஏறத்தாழ 2,700 பிகோகியூரி ரேடான். 4 இருந்தாலே சரிசெய்யுங்கள் என்கிறது கூட்டாட்சி அரசின் சுற்றுச்சூழல் முகமை. பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் சிதைந்து உண்டாகும் இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தரை விரிசல் வழியே நிலவறைக்குள் ஏறித் தங்கிவிடுகிறது. உங்கள் மாநில வீடுகளில் சுமார் 40 சதவீதம் அந்த 4 என்ற அளவைத் தாண்டுகின்றன என்பது உங்கள் சுற்றுச்சூழல் துறையே சொல்லும் கணக்கு.

அப்படியிருந்தும் வீடு விற்பவர் ரேடானைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னால் போதும் என்கிறது உங்கள் சட்டம். சோதித்தவர் சொல்லியாக வேண்டும். சோதிக்காதவருக்கு வாய் திறக்கும் வேலையே இல்லை. ஆக, நேர்மையாக அளந்து பார்த்தவர்தான் விலையில் நட்டப்படுகிறார். இதைச் சட்டத்தின் ஓட்டை என்பதைவிட, அறியாமைக்குக் கொடுக்கும் மானியம் என்பேன். வீடு கைமாறும்போது சோதனை கட்டாயமாக வேண்டும்.

ரேடானால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று சுரங்கத் தொழிலாளர்களிடம் கண்ட கணக்கை வீட்டில் இருப்பவர்கள்மேல் ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒருகாலத்தில் அது நியாயமான கேள்விதான். ஆனால் வீடுகளையே நேரடியாக ஆராய்ந்த 13 ஐரோப்பிய ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டி 2005-இல் வெளியான முடிவு, கன மீட்டருக்கு 100 பெக்கரல் கூடும்தோறும் நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 16 சதவீதம் ஏறுவதைக் காட்டியது. லிட்டருக்கு 4 பிகோகியூரி என்பது கன மீட்டருக்கு 148 பெக்கரல். புகைபிடிப்பதே காரணம் என்று தள்ளவும் முடியாது: ரேடானால் நாடு முழுவதும் ஆண்டுக்கு இறப்பதாக மதிப்பிடப்படும் சுமார் 21,000 பேரில் 2,900 பேர் புகையைத் தொடாதவர்கள். புகைப்பவர்களுக்கோ இரு நஞ்சும் சேர்ந்து அபாயத்தைப் பெருக்குகின்றன.

விற்பனை தாமதமாகும் என்பார்கள் தரகர்கள். குறுகிய காலச் சோதனைக்கு 48 மணி நேரம் போதும். கடன் ஒப்புதலுக்கே அதைவிட அதிக நாளாகும். குளிர்காலத்தில் அளவு கூடும், கோடையில் குறையும் என்பது உண்மை. ஐயம் இருந்தால் மூன்று மாதத்துக்கு மேல் கருவியை வைத்து அளக்கலாமே, அளக்காமலே விடுவானேன்? அளவு மிகுந்தால், தரைக்கடியிலிருந்து வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விடும் ஒரு குழாயும் சிறு விசிறியும் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

வாடகை வீடுகளையும் இந்த விதிக்குள் கொண்டுவாருங்கள். குடியிருப்பவர் காசு கொடுத்துச் சோதித்தாலும், தரையைத் துளைத்துக் குழாய் பதிக்கும் உரிமை வீட்டுக்காரரிடம்தான் இருக்கிறது.