அணைந்த விளக்கும் திறந்த வால்வும்

அணு உலை விபத்து என்றால் ‘மனிதத் தவறு’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது நிர்வாகங்களுக்கு வசதி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், த்ரீ மைல் தீவு நிலையத்தின் இரண்டாம் உலையில் 1979 மார்ச் 28 அதிகாலை நடந்ததைப் பாருங்கள். அழுத்தம் தணிக்கத் திறந்த வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலோ அதற்குரிய விளக்கு அணைந்துவிட்டது. மூடச் சொல்லும் மின்கட்டளை போய்ச் சேர்ந்ததைத்தான் அந்த விளக்கு காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதை அல்ல. சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள். அவற்றைப் பதிவுசெய்த கணினி அச்சுப்பொறியோ மணிக்கணக்கில் பின்தங்கிப்போனது. உலையில் நீர் தேவைக்கு மேல் நிறைந்துவிட்டதாக நம்பிய பணியாளர்கள், தானாகப் பாயத் தொடங்கிய அவசர நீரைக் குறைத்தார்கள். உலைக்கருவில் ஏறக்குறையப் பாதி உருகியது.

1977இல் ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸே நிலையத்திலும் இதே வகை வால்வு இப்படித்தான் சிக்கியது. அந்தப் பாடம் த்ரீ மைல் தீவுப் பணியாளர்களை எட்டவே இல்லை. இது யார் தவறு?

முக்கிய அளவுகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டும் திரைகளை அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பிறகு வலியுறுத்தியது. காரணம் புரியாதபோதும் அறிகுறிகளைப் பார்த்துச் செயல்பட வழிகாட்டும் நடைமுறைகளும் வந்தன. நல்ல மாற்றங்கள்தான். இப்போது ஆலோசனை சொல்லும் மென்பொருள்களின் காலம். ஒவ்வொரு பரிந்துரையிலும் கருவி அளந்தது எது, மென்பொருள் ஊகித்தது எது என்று பிரித்துக் காட்டாத எதையும் கட்டுப்பாட்டு அறைக்குள் அனுமதிக்கக் கூடாது.