கழகத்தின் தலையில் முதலாளியின் கடன்

இங்கிலாந்துக் கால்பந்துக் கழகங்களைப் பற்றி எழுதும்போது முதலாளித்துவப் பத்திரிகைகள் ஒரு வாசகத்தைத் தவறாமல் எழுதுகின்றன. "இன்ன கோடீஸ்வரர் இந்தக் கழகத்தில் இத்தனை கோடி போட்டிருக்கிறார்" என்பதே அது. ஆலை லயன்களிலும் கிராமத்துத் தெருக்களிலும் நம் பிள்ளைகள் ராத்திரி விழித்திருந்து செல்போனில் அந்த ஆட்டங்களைப் பார்க்கிறார்கள். அந்தக் கழகங்களின் சட்டையை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். பார்க்கட்டும். நல்ல ஆட்டத்தை ரசிப்பதில் தவறேதுமில்லை. ஆனால் "போட்டிருக்கிறார்" என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கவேண்டும். பங்காகப் போட்டாரா, கடனாகப் போட்டாரா? கடனென்றால் பத்திரத்தில் கடனாளி என்று யார் பெயர் இருக்கிறது? வட்டியைக் கட்டுவது யார்?

இந்தக் கழகங்கள் கோடீஸ்வரர் வீட்டில் பிறந்தவையல்ல. மான்செஸ்டர் யுனைட்டெட் என்று இன்று உலகமெங்கும் பேர் பெற்ற கழகத்தை 1878இல் துவக்கியவர்கள் நியூட்டன் ஹீத் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள். ஆர்சனல் கழகத்தை 1886இல் துவக்கியவர்கள் உல்விச் பீரங்கித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். லங்காஷயரிலோ நூற்பாலை, நெசவாலை ஊர்களிலெல்லாம் ஊருக்கொரு கழகம் முளைத்தது. 1850ஆம் வருஷத்து ஆலைச் சட்டப்படி பெண்களையும் இளம் தொழிலாளரையும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அவர்கள் வெளியேறினால் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் ஓய்வு கிடைத்தது. சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம் என்ற வழக்கம் அந்த அரைநாள் விடுமுறையில் வேர்விட்டதுதான். வேலை நேரத்தைக் குறைக்கப் பல்லாண்டுகள் போராடியவர்கள் வாங்கித் தந்த அரைநாள் அது.

கூட்டம் பெருகியதும் மைதானமும் படிக்கட்டுகளும் கட்டப் பணம் வேண்டியிருந்தது. கழகங்கள் லிமிடெட் கம்பெனிகளாயின. உள்ளூர்க் கடைக்காரரும் கையில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்த தொழிலாளியும் சிறு பங்குகள் வாங்கினார்கள். அப்போது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு விதி வைத்திருந்தது. பங்குக்கு லாப ஈவு வரம்புக்கு மேல் கூடாது. ஆரம்பத்தில் அந்த வரம்பு 5 சதவீதம். டைரக்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. கழகத்தைக் கலைத்தால் மிச்சச் சொத்து பங்குதாரர் பைக்குப் போகக் கூடாது. யோக்கியமான விதிதான். (அதே கனவான்கள் ஆட்டக்காரர்களின் கூலிக்கும் உச்சவரம்பு கட்டி வைத்திருந்தார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. வாரத்துக்கு 20 பவுன் என்றிருந்த அந்த வரம்பு, ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாரான பிறகே 1961இல் உடைந்தது.)

அந்த விதியை எப்படித் தாண்டினார்கள்? 1983இல் டாட்டன்ஹாம் கழகம் வழி காட்டிற்று. கழகத்துக்கு மேலே இன்னொரு கம்பெனியை நிறுவி, கழகத்தை அதன் சொத்தாக்கி, அந்த மேல் கம்பெனியின் பங்குகளை லண்டன் பங்குச் சந்தையில் விற்றார்கள். விதி கழகத்துக்குத்தானே உண்டு, கழகத்தின் சொந்தக்காரக் கம்பெனிக்கு இல்லையே! கதவு திறந்தது. 1991இல் மான்செஸ்டர் யுனைட்டெடும் சந்தைக்கு வந்தது. பங்கு சந்தைக்கு வந்துவிட்டால், பணமுள்ள எவரும் அதை அள்ளிக்கொள்ளலாம்.

பங்குக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசம் நம் விவசாயத் தொழிலாளிக்குத் தெரியாததல்ல. பங்கு என்பது கிணறு வெட்டக் கூட்டாகப் போட்ட பணம். தண்ணீர் வந்தால் பலன் உண்டு. பாறை விழுந்தால் போனது போனதுதான். கடன் என்பது கிணறு வெட்டக் கொடுத்த பணம். தண்ணீர் வந்தாலும் பாறை விழுந்தாலும் அசலும் வட்டியும் வந்தாக வேண்டும். நிலத்தையும் ஈடாக எழுதி வாங்கிக்கொண்டால் கடன் கொடுத்தவனுக்குப் பயமே இல்லை. கம்பெனி திவாலானாலும் இதே முறைதான்: ஈடு வாங்கியவனுக்கு முதலிடம், பங்குதாரனுக்குக் கடைசி இடம்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதுதான் விசேஷம். நிலத்தை வாங்குகிறவன் கடன் வாங்கி நிலத்தை வாங்குகிறான். வாங்கியதும் அந்தக் கடனை நிலத்தின் தலையிலேயே எழுதிவிட்டு, "விளைச்சலே கடனை அடைக்கட்டும்" என்கிறான். 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைட்டெடை வாங்கியது இப்படித்தான். விலை சுமார் 79 கோடி பவுன். அதில் 50 கோடிக்கு மேல் கடன். அந்தக் கடனில் சுமார் 26 கோடிக்குக் கழகத்தின் சொத்துக்களே ஈடு. அதுவரை கடனில்லாமல் நடந்துவந்த கழகம், தன்னை விலைக்கு வாங்குவதற்கான கடனைத் தானே சுமக்க ஆரம்பித்தது. 2006இல் கடனை மாற்றி எழுதினார்கள். குடும்பத்தின் பங்குகளை ஈடாகக் கொண்ட ஒரு பகுதிக்கு ஆண்டு வட்டி 14.25 சதவீதம், 2010இல் அது 16.25 சதவீதமாக ஏறிற்று. கட்டாத வட்டி அசலோடு சேரும். கந்துவட்டிக்காரனைப் பார்த்த நமக்கு இந்த விகிதம் பெரிதாகத் தோன்றாதிருக்கலாம். ஆனால் இது கோடிக்கணக்கான பவுனுக்கு!

2010 ஜனவரியில் சுமார் 50 கோடி பவுனுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டுப் பழைய பாங்க் கடனை அடைத்தார்கள். அதாவது ஒரு கடனை இன்னொரு கடனால் மூடினார்கள். அந்த வருஷம் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் சிவப்பை விட்டுவிட்டு, பழைய நியூட்டன் ஹீத் ரயில்வே கழகத்தின் பச்சையும் பொன்னிறமும் கொண்ட துண்டுகளைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். யார் பெற்ற பிள்ளை இது என்று நினைவூட்டினார்கள்.

2012இல் நியூயார்க் சந்தையில் பங்கு விற்றார்கள். திரண்ட பணம் 23.3 கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதிதான் கழகத்தின் கடனைக் குறைக்கப் போயிற்று, மறுபாதி குடும்பத்துக்கு. பங்கிலும் இரண்டு ஜாதி செய்திருந்தார்கள். வெளியார் வாங்கும் பங்குக்கு ஒரு வோட்டு. குடும்பத்தின் பங்குக்குப் பத்து வோட்டு. 2024இல் ரசாயன முதலாளி ஜிம் ராட்கிளிஃப் கால்வாசிக்குச் சற்று மேல் பங்கு வாங்கினார். 100 கோடி பவுனுக்கு மேல் செலவிட்டார் என்று தம்பட்டம். ஆனால் புதுப் பங்காகக் கழகத்துக்குள் வரவேண்டிய பணம் அதில் 30 கோடி டாலர்தான். மிச்சம் பங்கை விற்றவர்களின் கைக்குப் போயிற்று. கைமாறும் பங்கு வேறு, கழகத்துக்குள் வரும் பங்கு வேறு என்பதைச் செய்தித் தலைப்பு சொல்வதில்லை. பிறகு வந்தது சிக்கனம். 2024இல் சுமார் 250 பேருக்கு வேலை போயிற்று. 2025இல் மேலும் 200 பேர் வரை குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். ஊழியர்களின் இலவச மதியச் சாப்பாட்டை நிறுத்திப் பழம் கொடுப்பதாகவும் செய்தி வந்தது. கடன் கொடுத்தவர்களின் வட்டியில் எந்தச் சிக்கனமும் செய்யக் காணோம்.

பெரிய ஊர் சமாளித்துவிடும். பர்ன்லி நெசவாலை ஊர். அதன் கழகம் உள்ளூர் வியாபாரிகள் கையில் கடனின்றி, பாங்கில் சேமிப்போடு இருந்தது. 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க முதலீட்டுக் கம்பெனி அதை வாங்கிற்று. கழகத்தின் பேரில் சுமார் 6.5 கோடி பவுன் கடன் ஏறிற்று. இருந்த ரொக்கமும் கரைந்தது. முதல் வகுப்பிலிருந்து இறங்கினால் கடனில் பெரும் பகுதியை உடனே கட்டவேண்டும் என்பது ஏற்பாடு. 2022 மே மாதத்தில் இறங்கியே விட்டது. வருமானம் விழும் அன்றைக்கே கடன்காரன் வாசலுக்கு வரும்படி எழுதிய பத்திரம் அது. ஆட்டக்காரர்களை விற்றார்கள்.

"எல்லா முதலாளியும் அப்படியா? வட்டியில்லாமல் கொட்டிக் கொடுக்கிறவர்கள் இல்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இருக்கிறார்கள். செல்சீ கழகத்தை 2003இல் வாங்கிய ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச், வட்டியில்லாக் கடனாக சுமார் 150 கோடி பவுன் ஏற்றினார், கோப்பைகளும் குவிந்தன. ஆனால் கடன் கடன்தான். 2022 மார்ச்சில் உக்ரேன் யுத்தத்தை ஒட்டி பிரிட்டிஷ் சர்க்கார் அவருடைய சொத்துக்களை முடக்கியபோது, டிக்கெட் விற்கவும் கழகம் லைசென்ஸ் கேட்டு நிற்கவேண்டியதாயிற்று. மே மாதத்தில் அதை 250 கோடி பவுனுக்கு விற்றார்கள். ஒரு மனிதனின் கையெழுத்தில் நின்ற வீடு, அந்தக் கை கட்டப்பட்டதும் ஆடிற்று.

இந்தக் கதையில் நம் நாட்டு முதலாளியும் உண்டு. பர்ன்லிக்குப் பக்கத்து ஊரான பிளாக்பர்ன், ஒரு காலத்தில் நம் நாட்டுக்குத் துணி நெய்து அனுப்பிய ஊர். அதன் கழகத்தை 2010இல் புனாவின் கோழிப்பண்ணைக் கம்பெனியான வெங்கீஸ் 2.3 கோடி பவுனுக்கு வாங்கிற்று. 1995இல் இங்கிலாந்தின் சாம்பியனாக இருந்த கழகம் 2012இல் இரண்டாம் வகுப்புக்கும் 2017இல் மூன்றாம் வகுப்புக்கும் இறங்கியது. (அடுத்த வருஷமே இரண்டாம் வகுப்புக்கு ஏறிவிட்டது.) வருஷா வருஷம் நஷ்டம், வருஷா வருஷம் புனாவிலிருந்து பணம், கடனாகவும் பங்காகவும். கடன் 10 கோடி பவுனைத் தாண்டிற்று. பிறகு இந்தியாவில் அன்னியச் செலாவணி சம்பந்தமாக அமலாக்கத் துறை விசாரணை வர, பணம் அனுப்ப டில்லி உயர்நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியதாயிற்று. அனுப்பும் பணத்துக்கு ஈடாக பாங்க் உத்தரவாதம் கேட்டது கோர்ட். விசாரணையின் நியாய அநியாயம் கோர்ட்டுக்கு. ஆனால் பிளாக்பர்ன் ஊழியரின் சம்பளம் டில்லி கோர்ட்டின் வாய்தாவைப் பார்த்து நிற்கிறது என்றால் அந்தக் கழகம் யாருடையது?

அப்படியானால் பங்காகவே போடட்டுமே என்றால், அதிலும் சூது உண்டு. கடனைப் பங்காக மாற்றினால் கணக்கு சுத்தமாகும். முதலாளி பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. நல்லதுதான். 2013இல் இங்கிலாந்து முதல் வகுப்புக் கழகங்கள் ஏற்ற விதியும் அதையே தூண்டிற்று: மூன்று வருஷத்தில் 1.5 கோடி பவுன் வரை நஷ்டம் சாதாரணமாகச் செல்லும். முதலாளி பங்குப் பணம் உறுதி செய்தால் 10.5 கோடி வரை செல்லும். ஆனால் புதுப் பங்கு அச்சடிக்கும்போதெல்லாம் பழைய சிறு பங்குதாரனின் பாகம் சுருங்குகிறது. ஆர்சனலில் சுருங்குவதோடு நிற்கவில்லை. 2018இல் அமெரிக்க முதலாளி குரோங்கி இன்னொரு கோடீஸ்வரரின் 30 சதவீதப் பங்கைச் சுமார் 55 கோடி பவுனுக்கு வாங்கினார். 90 சதவீதத்தைத் தாண்டினார். தாண்டியவன் மிச்சப் பங்குகளைக் கட்டாயமாக வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தகப்பன் காலத்திலிருந்து ஒரே ஒரு பங்கு வைத்திருந்தவர்களும் விற்றே தீரவேண்டியதாயிற்று. விலை கொடுத்தார்கள், உண்மை. ஆனால் வருஷாந்திரக் கூட்டத்தில் எழுந்து நின்று "கணக்கு என்ன?" என்று கேட்கும் உரிமையும் அந்த விலையோடு போயிற்று.

இதன் கடைசி எல்லையைப் பார்க்க வேண்டுமானால் பரி என்ற ஊருக்குப் போகவேண்டும். அதுவும் பஞ்சாலை ஊர். 1885இல் பிறந்த கழகம். இருமுறை தேசியக் கோப்பை வென்றது. மைதானத்தை ஈடுவைத்துக் கடன் வாங்கினார் ஒரு முதலாளி. 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுனுக்கு அதை வாங்கினார் இன்னொருவர். 2019இல் ஆட்டக்காரர்கள் சம்பளம் வராமலே ஆடி மேல் வகுப்புக்கு ஏறினார்கள். ஆகஸ்டு 27ஆம் தேதி ஊர் மக்கள் நூற்றுக்கணக்கில் துடைப்பமும் வாளியுமாக வந்து, ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில் படிக்கட்டுகளைக் கழுவினார்கள். அன்றிரவே லீகிலிருந்து கழகத்தை நீக்கினார்கள். முதலாளிக்கு நஷ்டம் ஒரு பவுன்.

வேறு வழியும் நடைமுறையில் இருக்கிறது. ஜெர்மனியில், இரண்டொரு விலக்குகள் தவிர, பாதிக்கு மேல் ஒரு வோட்டாவது உறுப்பினர் சங்கத்திடம் இருக்கவேண்டும் என்று 1998 முதல் விதி. அங்கும் கடனில் விழும் கழகங்கள் உண்டு. ஆனால் நிர்வாகத்தைக் கேள்வி கேட்கக் கூட்டம் உண்டு. 2005இல் மான்செஸ்டர் ரசிகர்கள் கோபத்தோடு வெளியேறித் துவக்கிய எப்.சி. யுனைட்டெட் கழகமும் பங்கு விற்றது. மைதானம் கட்டச் சுமார் 20 லட்சம் பவுன் திரட்டியது. அந்தப் பங்கில் எத்தனை வாங்கினாலும் ஆளுக்கு ஒரே வோட்டு. 2015இல் மைதானம் திறந்தார்கள். ஆட்டம் சின்ன வகுப்பில்தான். பரி மக்களும் 2022இல் மைதானத்தை மீட்டு, 2023இல் கழகத்தை மறுபடி களத்தில் இறக்கினார்கள்.

2025 ஜூலையில் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒரு சட்டம் நிறைவேற்றிற்று. கழகங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கத் தனி அதிகாரி. முதலாளியின் பணம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கலாம். மைதானத்தை விற்க அவர் சம்மதம் வேண்டும். வரவேற்கிறோம். பரியில் துடைப்பம் எடுத்தவர்களைப் போன்ற ரசிகர் சங்கங்களின் பல வருஷக் கூக்குரலே இதைக் கொண்டுவந்தது. வாங்குகிறவனின் கடனை வாங்கப்படும் கழகத்தின் தலையில் எழுத அந்த அதிகாரி இடம் கொடுப்பாரா என்பது, அடுத்த பர்ன்லி விலைபோகிற நாளில் தெரியும்.