மருந்தின் மீது வீண்பழி

எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை தொடங்கிய பிறகுதான் காய்ச்சல் வந்தது, கழுத்தில் நெறிகட்டியது. ஆகவே மருந்தே நஞ்சு என்று சிலர் வாதிடுகிறார்கள். முன்னால் நடந்ததெல்லாம் காரணமாகிவிடாது. எச்.ஐ.வி. முடக்கிப்போட்ட எதிர்ப்பாற்றல் மீண்டெழும்போது, உடலில் ஏற்கெனவே பதுங்கியிருக்கும் காசநோய்க் கிருமியை மூர்க்கமாகத் தாக்குகிறது. அந்த அழற்சிதான் இந்தத் தொல்லை. எதிர்ப்பாற்றலைக் காக்கும் சிடி4 அணுக்கள் வெகுவாகக் குறைந்தபின் சிகிச்சைக்கு வருவோருக்கே இது அதிகம். குற்றவாளி மருந்தல்ல, தாமதம்.

தடுக்கவும் வழியுண்டு. கேப் டவுனில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், நான்கு வாரம் பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டு கொடுத்ததில், ஏ.ஆர்.டி. தொடங்கிய காசநோயாளிகளிடம் இப்பாதிப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. இதே ஆபத்தைத் தவிர்க்க, கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல் இருந்தால் மட்டும் ஏ.ஆர்.டி.யைச் சில வாரம் தள்ளிப்போடுவார்கள். அது மருத்துவர் எடுக்கும் முடிவு. காய்ச்சல் கண்டால் அவரிடம் ஓடுங்கள்; மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.